முழு இழுப்புக்கு முன்பே நாண் விடுபடுகிறது: மீண்டவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். சைட் (குறிபார்க்கும் கருவி) பொருத்தாத, 35 பவுண்டு இழுவிசை கொண்ட மரவில்லில் மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி செய்துவருகிறேன். 18 மீட்டரில், அம்புமுனை இலக்குத்தாளின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்குக் கீழே வந்து நிற்கப்போகும் கணத்திலேயே, நாண் உதட்டோரத்தை எட்ட இரண்டு விரற்கடை இருக்கும்போதே, விரல்கள் தாமாக விட்டுவிடுகின்றன. தாள் ஒட்டாத வெறும் வைக்கோல் மெத்தையின் முன் ஐந்தடியில் நின்று, கண்ணை மூடி எய்தால் இச்சிக்கல் துளியும் இல்லை. சுட்டுவிரல் உதட்டோரத்தில் பதிவதையும் தோள்பட்டை எலும்புகள் நெருங்குவதையும் நிதானமாக உணர முடிகிறது. ஆகவே குறை கையில் அல்ல, குறிபார்க்கும் மனத்தில்தான் என்று நம்புகிறேன். இழுவிசை குறைந்த வில்லுக்கு மாறுவதா, முழு இழுப்பை ஒலியால் உணர்த்தும் கிளிக்கரைப் பொருத்துவதா, எய்யாமல் இழுத்து இறக்கும் பயிற்சியையே தொடர்வதா? வெறும் மெத்தையிலிருந்து தாளுக்கு எத்தனை வாரங்களுக்குப் பின், எந்தத் தொலைவில் திரும்பினீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.