மொக்கேக்காவும் தன்னீர்ப் புழுக்கும்: ஒரு சமையற் கலைச்சொல் விவாதம்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். பிரேசில் நாட்டு வீட்டுச் சமையல் நூலொன்றின் தமிழாக்கத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். மொக்கேக்கா என்னும் மீனுணவைச் சமைக்கும் முறைக்குச் சொல் அமையாததால் ஓர் இயல் மட்டும் நின்றுபோயிருக்கிறது. எலுமிச்சைச் சாறும் பூண்டும் உப்பும் தடவிய கெட்டிச் சதை மீன்துண்டுகளை, வட்டமாக அரிந்த வெங்காயம், தக்காளி ஆகியவற்றோடு மண்சட்டியில் அடுக்கி, கொத்தமல்லித்தழை தூவி, நீர் ஊற்றாமல் மூடி, அவை விடும் சாற்றிலேயே மிதமான தீயில் வேகவிடுகிறார்கள். மீன் உடையும் என்பதால் கரண்டி போடுவதில்லை; சட்டியைப் பிடித்து மெல்ல அசைப்பதோடு சரி. இதை 'மீன்குழம்பு' என்று எழுதினால் நம் வாசகர் புளி கரைக்கத் தொடங்கிவிடுவார். தங்கள் பரிந்துரைகளை வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் இல்லை என்று ஏன் கவலை? பொருநராற்றுப்படையில் 'துருவையம் புழுக்கு', அதாவது வேகவைத்த ஆட்டிறைச்சி, விருந்தாக வருகிறது. புழுங்குதல் என்பது உள்ளிருக்கும் ஈரத்தால் வேகும் வேக்காட்டையே சுட்டும் என்பது என் துணிபு. மீன் தன் நீரிலேயே வேகுவதால் 'தன்னீர்ப் புழுக்கு' என்க. தன்னலம் போலத் தன்னீர், புணர்ச்சியில் பிழையில்லை. குறுந்தொகை 167ஆம் பாட்டின் தலைவி 'தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்' துழாவிச் சமைத்தது; இதுவோ துழாவாதது, ஆகவே 'துழவாப் புழுக்கு' எனினும் தகும். மொக்கேக்கா என்னும் பெயரே வாய்நிறைய உண்பதைக் குறிக்கும் நம் 'மொக்குதல்' என்னும் வினையிலிருந்து சென்றிருக்கலாம் என்பதையும் ஆராய வேண்டும்.

மெய்ப்புத் திருத்தும் அன்பர்:

ஐயா, தன்னீர் இலக்கணப்படி சரிதான். ஆனால் அச்சகத்தில் யாரேனும் ஒருவர் அதைப் பிழையென்று கருதித் 'தண்ணீர்ப் புழுக்கு' ஆக்கிவிடுவார், படிப்பவர் இரண்டு குவளை நீரை ஊற்றிவிடுவார். எதைத் தடுக்கச் சொல் படைத்தோமோ அதையே அந்தச் சொல் செய்விக்கும். மொக்குதலைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். அங்கோலாவின் கிம்புண்டு மொழியில் மீனுணவைக் குறிக்கும் சொல்லே மூலம் என்று ஒரு சாராரும், இலையில் பொதிந்து தணலில் வாட்டும் பழக்கத்தையொட்டி, பொதிதல் என்னும் பொருளுள்ள, பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொல்லே மூலம் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். மூன்றாவதாக நாமும் போய் நிற்க வேண்டியதில்லை.

நாகர்கோவில் அன்பர்:

எங்கள் பக்கத்தில் புழுக்கு என்றால் மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்குதான் நினைவுக்கு வரும், மீன் வராது. மரச்சீனியே தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு, அதன் மாவை மீன்சாற்றில் கிண்டிப் 'பிரோன்' என்னும் களியாக்கி மொக்கேக்காவோடு பரிமாறுகிறார்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ஒரே பக்கத்தில் களியும் புழுக்கும் வந்தால் எது மீன், எது கிழங்கு என்று வாசகர் எப்படி அறிவார்?

பிரேசிலில் சில ஆண்டுகள் பணிபுரிந்த அன்பர்:

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். மொக்கேக்கா ஒன்றல்ல, இரண்டு. பையா மாநிலத்தார் குடைமிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, 'தெந்தே' என்னும் சிவந்த பனையெண்ணெயும் விடுகிறார்கள். ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லி தேங்காய்ப்பால், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் வீட்டுக்குப் போதும். எஸ்பிரித்து சாந்து மாநிலத்தாரின் 'கப்பிசாபா' வகையில் இவை மூன்றும் கிடையா. அன்னாட்டோ விதையின் நிறமேறிய எண்ணெய்தான். ஆகவே 'தன்னீர்' கப்பிசாபாவுக்கே பொருந்தும், தேங்காய்ப்பால் ஊற்றும் பையாவுக்குப் பொருந்தாது. "மொக்கேக்கா என்றால் கப்பிசாபா, மற்றதெல்லாம் வெறும் மீன்குழம்பு" என்று அம்மாநிலத்தார் சொல்வதுண்டு. நாம் 'மீன்குழம்பு' என்று பெயர்த்தால் அந்தப் பழிப்பை நூல் முழுவதற்கும் தலைப்பாக்கியவர்கள் ஆவோம்.

சட்டியும் வேக்காட்டில் பங்கேற்கிறது. விட்டோரியா நகரின் கொய்யபெய்ராஸ் பகுதிப் பெண்கள் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்து, திறந்த தீயில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் கண்டல் மரப்பட்டையின் துவர்ச்சாற்றை அடித்துக் கறுப்பேற்றுகிறார்கள். பிரேசில் அரசு 2002இல் தன் மரபறிவுப் பதிவேட்டில் முதலாவதாகச் சேர்த்தது இந்தத் தொழிலைத்தான். கனத்த அந்தச் சட்டி சூட்டை நெடுநேரம் தாங்குவதால், அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் கொதிக்கும். மெல்லிய அலுமினியச் சட்டியில் சமைப்பவர் தீயை இன்னும் குறைக்க வேண்டும் என்று குறிப்பில் சேருங்கள். கொய்யபெய்ராஸ் என்றால் கொய்யா மரங்கள் என்று பொருள். நம் கொய்யாவும் அதே போர்த்துக்கீசியச் சொல்வழி வந்ததுதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கொய்யா, 'கொய்' என்னும் வேரில் பிறந்த தூய தமிழ்ச்சொல். இதில் ஐயமே வேண்டாம்.

மெய்ப்புத் திருத்தும் அன்பர்:

ஐயா, கொய்தற்குரிய பழத்துக்குக் 'கொய்யா' என்று எதிர்மறையில் பெயரிட்டவர் யார்? இதைத் தனி இழையில் பேசுவோம்.

மலேசிய அன்பர்:

தெந்தேயைப் 'பாமாயில்' என்று எழுதிவிடாதீர்கள். கடைகளில் கிடைக்கும் பாமாயில் நிறமும் மணமும் நீக்கப்பட்டது. தெந்தே சுத்திகரிக்கப்படாதது, அதன் செம்மஞ்சள் நிறமும் மணமுமே அந்தச் சமையலின் அடையாளம். எங்கள் நாட்டில் அம்மரத்தைச் செம்பனை என்கிறோம். 'சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய்' என்றால் தெளிவாக இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. செம்பனையை முழுமனத்தோடு ஏற்கிறேன். உணவின் பெயர் மொக்கேக்கா என்றே நிற்கும். இடையில் ககரம் இரட்டாவிட்டால் ஒலி மெலிந்துவிடும் என்பதால் இந்த எழுத்துக்கூட்டல். சமைக்கும் முறைக்குத் 'தன்சாற்று வேக்காடு' என்று எழுதி, நீர் ஊற்றக்கூடாது, கிளறக்கூடாது என்று வெளிப்படையாகவும் சொல்லிவிடுகிறேன். பையா வகைக்குத் தேங்காய்ப்பாலைத் தனி வரியில் குறிப்பேன். நால்வர் இதற்கு உடன்பட்டிருக்கிறார்கள், அவர்களுள் இருவர் 'சரி, போதும்' என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மையை மறுக்கவில்லை, உடன்படவும் இல்லை. ரசத்தையே சாறு என்றழைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு. 'தன்சாறு' என்று படித்து அவர்கள் மிளகு இடித்தால் பொறுப்பு என்னுடையதன்று. புழுக்கை அடிக்குறிப்பிலேனும் சேர்க்க வேண்டுகிறேன்.