அறுகோண அணிக்கோவையில் கூர்மையான பள்ளம் காணாமல் போனது ஏன்?

தங்கத்தட்டு கேட்கிறார்:
கண்ணாடிமேல் எலக்ட்ரான் கற்றை லித்தோகிராபி (எலக்ட்ரான் கற்றையால் நுண்வடிவம் வரையும் முறை) மூலம் தங்க வட்டத் தட்டுகளை அடுக்குகிறேன். விட்டம் 100 நானோமீட்டர், உயரம் 50. முதலில் சதுர அணிக்கோவை, துகளுக்குத் துகள் 500 நானோமீட்டர். மேலே இமர்ஷன் எண்ணெய் (கண்ணாடியைப் போலவே ஒளியை விலக்கும் எண்ணெய்) விட்டு, மூடுகண்ணாடி வைத்து ஊடுருவல் நிறமாலை எடுத்தால், 770 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே கத்தியால் கீறியதுபோல் ஒரு பள்ளம். தனித் துகளின் ஒத்ததிர்வோ 680இல், பாய் விரித்ததுபோல் அகலமாக இருக்கிறது.

அதே 500 இடைவெளியில் அறுகோண அணிக்கோவை செய்தேன். 770இல் ஒன்றுமே இல்லை. 660 பக்கம் ஒரு சிறு நெளிவு மட்டும். இரண்டு முறை புதிதாகச் செய்தும் அதே கதை. மின்நுண்ணோக்கியில் தட்டுகள் அழகாகவே தெரிகின்றன. நெறியாளரோ என் கைவேலையில்தான் பிழை என்கிறார்.

நீலக்கதிர்:
எண்ணெய்க்குள் காற்றுக் குமிழி இருந்ததா என்று பாருங்கள். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் கண்ணாடி என்றால் இரண்டு பக்கத்து அலைகளும் ஒரே அலைநீளத்தில் சேராது. துகள்கள் எல்லாம் சேர்ந்து தரும் கூட்டு ஒத்ததிர்வு மங்கிவிடும்.

தோப்புக்காரர்:
குமிழி இல்லை. உங்கள் கைவேலையிலும் பிழையில்லை. நெளிவு 660இல் வந்திருப்பதே அதற்குச் சாட்சி.

எங்கள் தென்னந்தோப்பு முக்கோண நடவு. மரத்துக்கு மரம் 25 அடி. ஆனால் வரிசைக்கு வரிசை நாடா பிடித்தால் 21.65 அடிதான் வரும், ஏனென்றால் அடுத்த வரிசை மரம் இரண்டு மரங்களுக்கு நடுவே நிற்கிறது. ஒளி அளப்பதும் வரிசை இடைவெளியைத்தான், மரத்துக்கு மரம் உள்ள தூரத்தை அல்ல.

உங்கள் சதுரத்தில் இரண்டும் ஒன்று: 500ஐ ஒளிவிலகல் எண் 1.52ஆல் பெருக்கினால் 760. இயற்பியலாளர் வுட் 1902இல் கீற்றணியில் (நெருக்கமாகக் கோடுகள் கீறிய பரப்பில்) கண்ட விசித்திரத்துக்கு ரேலி 1907இல் கணக்குச் சொன்னாரே, அந்த விளிம்பு இதுதான்: சிதறும் ஒளி பரப்பை ஒட்டியே ஓடும் அலைநீளம். அதற்குச் சற்றே சிவப்புப் பக்கம், 770இல், உங்கள் பள்ளம். அறுகோணத்தில் வரிசை இடைவெளி 433. விளிம்பு 658.

நகர்ந்தது சரி, ஏன் மறைந்தது என்பீர்கள். விளிம்பை ஒட்டிய சிவப்புப் பக்கத்தில்தான் அண்டைத் துகள்கள் வீசும் ஒளி எல்லாம் ஒரே கட்டத்தில், அதாவது அலைகளின் ஏற்ற இறக்கம் ஒத்து, வந்து குவிகிறது. அந்த இடம் தனித் துகளின் ஒத்ததிர்வுக்கும் சிவப்புப் பக்கம் இருந்தால்தான் இரண்டும் கைகோக்கும். உங்கள் 658 விளிம்பு 680க்கு நீலப் பக்கம் போய்விட்டது. அங்கே நெளிவுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இடைவெளியை 577 ஆக்குங்கள். வரிசை 500 ஆகும், விளிம்பு 760க்குத் திரும்பும்.

தங்கத்தட்டு:
ஐயா, நன்றி. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஒரு சந்தேகம்: அறுகோண மாதிரி சிறியது, 50 மைக்ரோமீட்டர்தான். அதனால் என்ஏ (லென்ஸ் எவ்வளவு சாய்ந்த கதிர்களை ஏற்கும் என்ற அளவு) 0.4 உள்ள லென்ஸ் வழியாக ஒளி பாய்ச்சினேன். அதுவும் கெடுக்குமா?

தோப்புக்காரர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! ஒளி 1 பாகை சாய்ந்தாலே உங்கள் சதுர அணியின் விளிம்பு இரண்டாகப் பிளந்து, பக்கத்துக்கு ஏறக்குறைய 9 நானோமீட்டர் நகரும். அந்த லென்ஸ் 23 பாகை வரை சாய்ந்த கதிர்களை ஒன்றாகக் கலக்கிறது. சில நானோமீட்டர் அகலப் பள்ளம் அதில் கரையாமல் என்ன செய்யும்? இணைக்கற்றையில் எடுங்கள், பரப்பையும் பெரிதாக்குங்கள். 2021இல் தங்க அணி ஒன்றில் தரக்காரணி (ஒத்ததிர்வின் கூர்மையைச் சொல்லும் எண்) 2340 எட்டியதில் பரப்பின் அளவுக்கும் பெரிய பங்கு உண்டு. நூறு வரிசையோடு கச்சேரி முடிந்துவிட்டால் சுருதி சேர நேரம் ஏது?

நீலக்கதிர்:
நெறியாளருக்குக் காட்ட ஒரு செவ்வக அணியும் செய்யுங்களேன். ஒரு திசையில் 400, மறு திசையில் 500. ஒளியின் மின்புலத்தோடு ஆடும் ஒவ்வொரு துகளும் ஓர் இருமுனை, சின்ன ஆன்டெனா மாதிரி; அது தன் அச்சுத் திசையில் ஒளி வீசாது, குறுக்கேதான் வீசும். ஆகவே மின்புலம் 400 திசையில் இருந்தால் 500தான் விளிம்பைத் தீர்மானிக்கும்: 760, பள்ளம் தெரியும். தளவிளைவாக்கியை (மின்புலத்தின் திசையைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டியை) 90 பாகை திருப்பினால் விளிம்பு 608க்குப் போய்ப் பள்ளம் மறையும். அதே மாதிரி, அதே இடம்.

தங்கத்தட்டு:
577 அறுகோணம், செவ்வகம் இரண்டையும் ஒரே கண்ணாடியில் வரைந்துவிட்டேன், 300 மைக்ரோமீட்டர் பரப்பு. வியாழக்கிழமை கற்றை நேரம் கிடைத்திருக்கிறது.