வீட்டுலயே ப்ரைஸ் வீல் செய்றேன், எப்ப சுத்தினாலும் ஒரே இடத்துல வந்து நிக்குது, ஐடியா குடுங்க

ரம்பமும்உளியும் (திருச்சி):
வணக்கம் மக்களே. மரவேலை எனக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு, தொழில் இல்ல. பொங்கலுக்கு எங்க அபார்ட்மெண்ட்ல உறியடி, மியூசிக்கல் சேர், கோலப்போட்டி எல்லாம் நடக்கும், இந்த வாட்டி அமெரிக்க டிவில 1975லேருந்து ஓடுற வீல் ஆஃப் ஃபார்ச்சூன் மாதிரி ஒரு சக்கரம் வைக்கலாம்னு நான்தான் வாய குடுத்தேன், இப்ப செகரட்டரி தினமும் லிஃப்ட்ல பாத்து "வீல் ரெடியா சார்"ங்கறார்.

இதுவரைக்கும் பண்ணது: 18 எம்எம் ப்ளைவுட்ல 2 அடி விட்டத்துக்கு வட்டம் வெட்டி, 12 கட்டம் பிரிச்சு, கோடு விளிம்ப தொடுற இடத்துல எல்லாம் ஒரு ஆணி. நடுவுல ஸ்கேட்டிங் சக்கரத்துல வர்ற 608 பேரிங் ஒண்ணு, 8 எம்எம் போல்ட்டு. மேல முள்ளுக்கு ப்ளாஸ்டிக் ஸ்கேல் துண்டு. செவுத்து பக்கமா நிக்க வச்சு சுத்துற மாதிரி ஸ்டாண்டு.

பிரச்சனை என்னன்னா, யாரு சுத்தினாலும் பெரும்பாலும் 7க்கும் 8க்கும் நடுவுலயே வந்து நிக்குது, பசங்க அத கண்டுபிடிச்சிட்டாங்க, அங்க என்ன பரிசுன்னு மட்டும்தான் கேக்கறானுங்க. இன்னொண்ணு, சுத்தும்போது சக்கரம் முன்னயும் பின்னயும் ஆடுது. ஸ்கேல் துண்ட மாட்டிட்டா ரெண்டு சுத்து தாண்ட மாட்டேங்குது, சமயத்துல ஆணி மேலயே ஏறி உக்காந்துக்குது. பேரிங் மாத்தினா எல்லாம் சரியாயிடுமா?

கோவைலேத்:
பேரிங் மாத்தறதுக்கு முன்னாடி பேலன்ஸ் பாருங்க சார். முள்ளு மேல இருக்குதுன்னா 7-8 வந்து நிக்கற இடம் லேசான பக்கம்ங்க, அதுக்கு நேர் எதிர்ல 1-2 இருக்குற பக்கம்தான் கனம், அது கீழ எறங்கி உக்காந்துக்குது. ப்ளைவுட்டு எப்பவும் ஒரே சீரா இருக்காது, உள் அடுக்குல சந்து இருக்கும், ஒரு பக்கம் பசை கூட புடிச்சிருக்கும், இல்லாட்டி நடு ஓட்டை ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும். மொதல்ல ஓட்டைலருந்து விளிம்புக்கு நாலு பக்கமும் டேப் வச்சு அளங்க.

அப்பறம் முள்ள கழட்டிட்டு மெதுவா சுத்தி விட்டு தானா நிக்க விடுங்க. எது கீழ வருதோ அங்க பென்சில்ல ஒரு குறி. மறுபடி விடுங்க, அதே குறி கீழ வந்தா சந்தேகமே இல்ல. அதுக்கு நேர் எதிர் விளிம்புல, பின்பக்கமா, கொஞ்சம் களிமண்ணோ எம்சீலோ அப்பி அப்பி பாருங்க. எந்த நிலையில கைய எடுத்தாலும் நகராம அப்படியே நின்னா பேலன்ஸ் ஆச்சு. அந்த களிமண்ண பிச்சு தராசுல போட்டு, அதே எடைக்கு வாஷர் எடுத்து அதே இடத்துல ஸ்க்ரூ போட்டு முறுக்கிடுங்க. ஸ்க்ரூவும் கனம்தான், அதையும் சேத்து எடை போடோணும்.

ஆட்டத்துக்கு காரணம் வேற. 608 மொத்தமே 7 எம்எம் அகலம்தானுங்க, அத்தன பெரிய பலகைய அது ஒண்ணே எப்படி நிமித்தி புடிக்கும்? பேரிங் ரெண்டு வேணும், நடுவுல இடைவெளி விட்டு. பழைய இரும்பு கடைல சைக்கிள் முன் வீல் ஹப் ஒண்ணு வாங்குங்க, அதுல ரெண்டு பக்கமும் பால்ரஸ் இருக்கும், அது மேல பலகைய ஒரு தட்டு வச்சு போல்ட்டு பண்ணிட்டா வேல முடிஞ்சுது. இன்னும் உறுதியா வேணும்னா 6202 நம்பர் பேரிங் ரெண்டு (உள்ள 15 எம்எம், வெளிய 35, அகலம் 11), லேத்துல ஒரு பைப்புக்குள்ள உக்கார வச்சு குடுப்பாங்க. பேரிங்குக்குள்ள கெட்டி க்ரீஸ் இருந்தா மண்ணெண்ணெய்ல அலசிட்டு ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும், இதென்ன லாரி சக்கரமா.

முள்ளுதீட்டி:
லேத் அண்ணன் பேலன்ஸ பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. முள்ளு விஷயம் நான் சொல்றேன். ஸ்கேல் துண்டு ரொம்ப விறைப்பு ப்ரோ, ஒவ்வொரு ஆணியும் அத வளைக்க சக்கரத்தோட வேகத்த திங்குது, லேசான சக்கரம்னா சீக்கிரமே செத்துடும். தண்ணி பாட்டில்ல வெட்டின பட்டை, இல்ல கொஞ்சம் அகலமான கேபிள் டை, ரெண்டுமே நல்லா வளையும். நுனி ஆணிய ஒரு சென்டிமீட்டருக்கு மேல தாண்டக்கூடாது. சின்ன வயசுல சைக்கிள் கம்பில சிகரெட் அட்டை சொருகி டர்ர்ருனு ஓட்டுவோமே, அந்த சத்தம் வந்தா முள்ளு சரியா இருக்குன்னு அர்த்தம்.

தலையுள்ள ஆணிய புடுங்கிட்டு 6 எம்எம் மரக்குச்சி நட்டு நுனிய உருட்டி தேய்ச்சிடுங்க, முள்ளு ஏறி உக்கார்றது பாதி குறையும். அப்பவும் உக்காந்தா மறுபடி சுத்தணும்னு ரூல் போட்டுடுங்க. ஒரு முழு சுத்தாவது வரணும்னும் போடுங்க, தி ப்ரைஸ் இஸ் ரைட்னு இன்னொரு அமெரிக்க டிவி ஷோல 5 சென்ட்லேருந்து 1 டாலர் வரைக்கும் 20 எண் இருக்குற அந்த பெரிய சக்கரத்துக்கு இதே ரூல்தான், இல்லன்னா ஒருத்தன் விரல் நுனில தள்ளி வேணுங்கற கட்டத்துல நிறுத்துவான்.

டொரோண்டோமச்சான்:
நானும் இஞ்ச பேஸ்மென்டில வைச்சு ஒண்டு செய்தனான், பிள்ளையின்ட பிறந்தநாளுக்கு. சாப்பாட்டு மேசையில வைச்சுச் சுத்துற தட்டுக்குக் கீழ வாற தட்டைப் பேரிங் கடையில மலிவு எண்டு வாங்கிப் போடாதேங்கோ, அது படுக்கையா வைக்கத்தான் சரி, நிமித்திக் கொழுவினால் தொங்கிக் கிரீச் கிரீச் எண்டு கத்தும். ஆனா ஒரு யோசினை. சக்கரத்தை ஏன் நிமித்த வேணும்? வீல் ஆஃப் ஃபார்ச்சூனில வாற உண்மையான சக்கரமே படுக்கையாத்தான் கிடக்குது, 2,400 பவுண்ட் பாரம் எண்டு சொல்லுவினம். 1973ல சோதனைக்கு எடுத்த முதல் பைலட் எபிசோட்டில நிமித்தித்தான் வைச்சவை, பிறகுதான் படுக்க வைச்சவை. படுக்கையா, மட்டம் பாத்து வைச்சால் ஒரு பக்கம் பாரம் கூடினாலும் கீழ இழுக்காது, உங்கட பேலன்ஸ் தலையிடியே இல்லை.

ரம்பமும்உளியும்:
படுக்க வச்சா சுத்தி நிக்கற பத்து பேருக்கு மட்டும்தான் தெரியும் அண்ணே, அவங்களுக்கு மேல கேமரா இருக்கு, எங்களுக்கு மொட்டை மாடில ஒரு ட்யூப்லைட். நிமித்திதான் ஆகணும்.

கணக்குடீச்சர்_தஞ்சை:
சக்கரம் இருக்கட்டும், பரிசு கணக்கு போட்டீங்களா? 12 கட்டத்துல ஒண்ணுல குக்கர்னு எழுதிட்டு 120 பேர சுத்த விட்டா சராசரியா 10 குக்கர் குடுக்கணும். அசோசியேஷன் தாங்குமா?

வீல் ஆஃப் ஃபார்ச்சூன்காரங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. அவங்க சக்கரத்துல 24 கட்டம், ஒரு கட்டத்துக்கு மூணு குச்சி. 2008ல மில்லியன் டாலர் கட்டம் கொண்டு வந்தப்ப அத முழுசா குடுக்கல, நடு மூணுல ஒரு பங்குதான் மில்லியன், ரெண்டு பக்கமும் ஒல்லியா பேங்க்ரப்ட், அதாவது சேத்த காசு போயிடும். நீங்களும் ஆணிய 36 ஆக்கிட்டு, குக்கர் கட்டத்த மட்டும் மூணா பிரிச்சு நடுவுல குக்கர், ரெண்டு ஓரமும் "ஒரு பாட்டு பாடு"ன்னு வைங்க. 36ல ஒரு வாய்ப்பு, 120 பேருக்கு மூணு நாலு குக்கரோட போயிடும். ஜஸ்ட் மிஸ்னு கத்துறதுக்கும் நல்லா இருக்கும்.

குச்சி இடம் குறிக்க பாகைமானிய நம்பாதீங்க, சின்ன பாகைமானில அரை டிகிரி தப்பு விளிம்புல நல்லா தெரியும். குச்சி நடுற வட்டத்துக்கு ஆரம் 28 செ.மீ.ன்னா, 36 குச்சிக்கு பக்கத்து பக்கத்து குச்சிக்கு நேர் தூரம் 4.88 செ.மீ. முதல்ல காம்பஸ அதே 28க்கு வச்சு வட்டத்துல ஆறு குறி போடுங்க, அது தப்பவே தப்பாது, ஒவ்வொரு குறிக்கும் இடையில ஆறு பங்கா பிரிச்சா எங்கயாவது சேர்ற தப்பு அந்த இடத்தோட நின்னுடும்.

அப்பறம் டிக்கெட் போட்டு காசு வாங்கி சுத்த விடாதீங்க. தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிய நிறுத்தியாச்சு, எதுக்கு வம்பு. சும்மா டோக்கன் குடுங்க.

முள்ளுதீட்டி:
டீச்சர், 36 குச்சின்னா முள்ளு மூணு மடங்கு அடி வாங்கும், சக்கரம் இன்னும் சீக்கிரம் நிக்கும். கேபிள் டை மாதிரி மெல்லிசு போட்டே ஆகணும், இல்ல சக்கரத்துக்கு கனம் ஏத்தணும்.

கோவைலேத்:
கனம் ஏத்தறதுன்னா விளிம்புல ஏத்துங்க, நடுவுல ஏத்தி பிரயோஜனம் இல்லீங்க. அதே கனத்த மையத்துலருந்து ரெண்டு மடங்கு தூரத்துல வச்சா சுழற்சிய புடிச்சு வைக்கற பலம் நாலு மடங்கு. பின்பக்கம் விளிம்ப சுத்தி 2 இன்ச் அகலத்துக்கு இன்னொரு ப்ளைவுட் வளையம் ஒட்டி ஸ்க்ரூ போடுங்க, குச்சிக்கும் நல்ல ஆழம் கெடைக்கும். ஆனா வளையம் போட்டப்பறம்தான் பேலன்ஸ், முன்னாடி பண்ணா திருப்பி பண்ணோணும்.

ரம்பமும்உளியும்:
சைக்கிள் கடைல பழைய ஹப் கிடைச்சுது, கடைக்காரர் எதுக்குனு கேட்டு சிரிச்சிட்டு பால்ரஸ அழுத்தி புடிக்கற கோன் ரெண்டையும் அவரே டைட் பண்ணி குடுத்தார், ஆட்டம் சுத்தமா போச்சு. வளையம் போட்டு பேலன்ஸும் பாத்தாச்சு, லேத் அண்ணன் சொன்ன மாதிரியே 7-8 பக்கம் விளிம்புலதான் வாஷர் கேட்டுச்சு. இப்ப எங்க விட்டாலும் நிக்குது. ஒரே டவுட்டு, கட்டத்துக்கு கலர் பெயிண்ட் அடிக்கறதா, ஃப்ளெக்ஸ் ஒட்டறதா?

கோவைலேத்:
ஃப்ளெக்ஸ் வேண்டாம், ஓரம் தூக்கும், முள்ளு சிக்கும். வினைல் ஸ்டிக்கர்ல ப்ரிண்ட் எடுங்க. பரிசு பேர் மட்டும் அதுல போடாதீங்க, எண் போதும், பரிசு லிஸ்ட் பக்கத்துல சார்ட்ல ஒட்டிக்கலாம், அடுத்த வருசம் நியூ இயருக்கும் அதே சக்கரம் ஆகும். ஒட்டினப்பறம் இன்னொருக்கா பேலன்ஸ் பாத்துருங்க.

கணக்குடீச்சர்_தஞ்சை:
ஸ்டாண்டு காலுக்கு மணல் மூட்டை வைங்க சார். பெரிய பசங்க ரெண்டு கையாலயும் தொங்கி இழுப்பானுங்க.