கால்பேக் அடுக்குகளைப் பிரித்த அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இணைய விற்பனைத் தளத்தின் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் இயக்கும் மென்பொருள்) நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆர்டரைத் தரவுத்தளத்திலிருந்து எடுப்பது, இருப்பைச் சரிபார்ப்பது, பணம் பெறுவது, ரசீதைக் கோப்பாக எழுதுவது, மின்னஞ்சல் அனுப்புவது என ஒவ்வொரு வேலையும் முந்தைய வேலையின் கால்பேக்குக்குள், அதாவது அந்த வேலை முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள், எழுதப்பட்டிருந்தது. வரிகள் வலப்புறம் சரிந்துகொண்டே போவதைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். அது கண்ணுக்குத் தொல்லை, அவ்வளவுதான். ஆபத்து பிழையைக் கையாளும் வரிகளில் இருந்தது.

நோட் மரபில் கால்பேக்கின் முதல் அளவுரு பிழைக்கானது. ஒவ்வோர் அடுக்கிலும் அதைச் சோதித்து, பிழை இருந்தால் மேலே ஒப்படைத்துவிட்டு, அங்கேயே ரிட்டர்ன் செய்ய வேண்டும். ரசீது எழுதும் அடுக்கில் ஒப்படைப்பு இருந்தது, ரிட்டர்ன் இல்லை. சர்வரின் வட்டு நிரம்பிக் கோப்பை எழுத முடியாமல் போனபோது, பிழை மேலே சென்ற பிறகும் அடுத்த வரி ஓடி, இல்லாத ரசீதைப் பற்றிய மின்னஞ்சல் வாடிக்கையாளருக்குப் போனது. வெளிக் கால்பேக்கும் இரண்டு முறை அழைக்கப்பட்டது. எல்லாவற்றையும் சுற்றி, எறியப்படும் பிழைகளைப் பிடிப்பதற்கான ஒரு டிரை-கேட்ச் இருந்தது உண்மைதான். ஆனால் உள்ளே பிழை எறியப்பட்டாலும் அது பிடிக்காது, ஏனெனில் கால்பேக் ஓடும் நேரத்தில் அதை அமைத்த ஃபங்ஷன் முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

நோட் 8 உடன் 2017இல் வந்த யூட்டில்.பிராமிசிஃபை என்ற கருவியைக் கொண்டு, இந்த அடுக்குகள் முழுவதும் அடங்கிய ஃபங்ஷனை அப்படியே பிராமிஸாக (பின்னர் கிடைக்கப்போகும் முடிவைக் குறிக்கும் பொருளாக) மாற்றிவிடலாம் என்று குழுவில் சிலர் கூறினர். நான் உடன்படவில்லை. பிராமிஸ் ஒருமுறை முடிவாகிவிட்டால் இரண்டாவது அழைப்பைச் சத்தமின்றிப் புறக்கணித்துவிடும். குறை மறைந்துபோகும், தவறான மின்னஞ்சல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். எனவே கோப்பு, தரவுத்தளம் போன்ற அடிமட்ட அழைப்புகளை மட்டும் பிராமிஸாக்கி, அவற்றின் மேல் இருந்த வரிசை முழுவதையும் அசிங்க்-அவைட் (பிராமிஸின் முடிவுக்குக் காத்திருந்த பின் அடுத்த வரிக்குச் செல்லும் எழுத்துமுறை) கொண்டு புதிதாக எழுதினோம். இப்போது ஓர் அவைட் தோற்றால் அடுத்த வரி ஓடுவதில்லை. டிரை-கேட்சும் அதைப் பிடிக்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்பவர்கள், பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச் உள்ள இடங்களைத் தனியே தேடிப் பார்ப்பது நல்லது. அதற்குள் எழுதும் அவைட்டுக்காக வெளி ஃபங்ஷன் காத்திருக்காது. வரிசை முக்கியமெனில் ஒவ்வொன்றாகச் செல்லும் ஃபார்-ஆஃப், இல்லையெனில் எல்லாவற்றையும் தொடங்கிவிட்டு அனைத்தும் முடியக் காத்திருக்க மேப்புடன் பிராமிஸ்.ஆல் பயன்படுத்த வேண்டும்.