நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது: எதை மாற்றுவது?

பொங்கோல்வாசி

வணக்கம். ஒன்பது வயது டொயோட்டா அல்டிஸ் 1.6, 140,000 கிலோமீட்டர் ஓடியது. சிஓஇ (வண்டி வைத்திருக்கும் பத்தாண்டு உரிமம்) முடிய இன்னும் ஓராண்டு. உட்லண்ட்ஸ் கடற்பால நெரிசலில் ஊர்ந்து போகும்போது சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறுகிறது. அந்த நேரத்தில் ஏர்கானும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. பிகேஇ விரைவுச்சாலையில் வேகம் பிடித்ததும் இரண்டும் சரியாகிவிடும். ஒரு பட்டறையில் எதையும் சோதிக்காமல் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள், 1,100 வெள்ளி. மூன்றும் தேவையா?

ஸ்பானர்12

மூன்றையும் மாற்றிய பிறகும் இந்தக் கோளாறு அப்படியே இருக்கலாம். நின்றால் ஏறி ஓடினால் இறங்கும் சூடு என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன்தான். ஓடும்போது எதிர்க்காற்று போதும். நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. ஏர்கானின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றை நம்பித்தான் நிற்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சோர்ந்துபோவதற்குக் காரணம் அதுதான்.

தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) மூடியபடி சிக்கியிருந்தால் வேகமாகப் போனாலும் கிளம்பிய சிறிது நேரத்திலேயே முள் ஏறும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் விரைவுச்சாலையிலும் மேட்டிலும் ஏறும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

சோதிப்பது எளிது. வீடு வந்து சேர்ந்ததும் எஞ்சினை அணைக்கும் முன் பானெட்டைத் திறந்து ஏர்கானைப் போடுங்கள். கம்ப்ரசர் பிடித்த சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடலாம். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

சுற்றவில்லை என்றால் வரிசையாக: முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் பொறித்த இன்னொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுக்கு, இருக்கும். இடம் மாற்றிப் பாருங்கள். அதிலும் சுற்றவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு, மோட்டாரின் பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுங்கள். அப்போது சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு வயரிங்கிலோ சென்சாரிலோ. சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் தட்டினால் சுற்றும், மறுநாள் நின்றுவிடும். அதை நம்பி எல்லை தாண்டாதீர்கள்.

கூலன்ட்கண்ணன்

ஸ்பானர் சொன்னது சரி. ஆனால் பம்பை ஒதுக்கிவிட வேண்டாம்; இந்த எஞ்சினில் பம்ப் கசிவு அடிக்கடி பார்ப்பதுதான். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறதா? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டாங்கில் மட்டம் இருக்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ வெளியேறுகிறது.

டார்ச் அடித்து பம்பின் உடலைப் பாருங்கள். புல்லிக்குப் பின்னால் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளிவரும். காய்ந்த மெல்லிய இளஞ்சிவப்புத் தடம் மட்டும் என்றால் அவசரமில்லை. துடைத்துவிட்டு சில நாளில் மறுபடி ஈரம் வந்தால், அல்லது அந்தப் பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். பேரிங் போனால் புல்லி ஆடும், பெல்ட் கழலும், ஆல்டர்னேட்டரும் சேர்ந்து நிற்கும்.

இன்னொன்று: ரிசர்வ் டாங்கு நிறைந்திருக்கிறது, ஆனால் ரேடியேட்டரில் குறைவு என்றால் மூடியின் ரப்பரைப் பாருங்கள். குளிரும்போது கூலன்டைத் திரும்ப இழுக்கும் சின்ன வால்வு அந்த மூடியில்தான் இருக்கிறது. மூடியை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பாய்ந்தால் தோல் வெந்துவிடும். டிப்ஸ்டிக்கில் பால்காபி நிறம், ஆறிய எஞ்சினைக் கிளப்பிய உடனே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டர் வாயில் நிற்காத குமிழ்கள்: இவற்றில் ஒன்று இருந்தால் ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள சீல்) போயிருக்கலாம். அப்போது வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பொங்கோல்வாசி

நன்றி. ஏர்கான் போட்டும் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் சரி, ரிலே மாற்றியும் அப்படியே. நேரே 12 வோல்ட் கொடுத்தால் திணறிச் சுற்றி நிற்கிறது. பம்ப் துளைக்குக் கீழே துடைத்த இடத்தில் மறுபடி ஈரம். ரேடியேட்டரில் கசிவு எதுவும் தெரியவில்லை. சிஓஇயைப் புதுப்பிக்கும் எண்ணமில்லை.

காக்கிபுக்கிட்வாசி

அப்படியானால் ஃபேன் மோட்டார், வாட்டர் பம்ப். ரேடியேட்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம். பத்து ஆண்டுக்குள் பதிவு நீக்கினால் கிடைக்கும் பார்ஃப் தொகை வண்டியின் வயதையும் பதிவின்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணமான ஏஆர்எஃப்பையும் வைத்துக் கணக்கிடுவது. புது ரேடியேட்டர் அதில் ஒரு வெள்ளி கூட்டாது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் படிந்த தூசியையும் இலையையும் மட்டும் மெதுவாகத் தண்ணீர் விட்டு எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி அடித்துக் கழுவச் சொல்லுங்கள். அதிக அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

உங்கள் எஞ்சினில் வால்வுகளின் நேரத்தை ஒழுங்குபடுத்துவது டைமிங் செயின். பம்ப் வெளியே பெல்டில் ஓடுவதால் டைமிங்கைத் தொடாமலே மாற்றலாம். கூலன்டை எப்படியும் இறக்கப்போகிறார்கள், அதோடு தெர்மோஸ்டாட்டையும் மாற்றுவதில் எனக்கு ஆட்சேபமில்லை, விலை குறைந்த பொருள். பெல்டில் வெடிப்பு இருந்தால் அதுவும். ஊற்றுவது தயாரிப்பாளர் சொன்ன கலந்த கூலன்டாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், அலுமினியம் அரிக்கும். பழையதை வீவக கார் நிறுத்துமிட வடிகாலில் கொட்டக்கூடாது. அந்த நீர் போய்ச் சேருவது நம் நீர்த்தேக்கத்துக்கு.

ஜோகூரில் மலிவாகச் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். ஃபேன் இல்லாமல் கடற்பால நெரிசலைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். சூடேறி அலுமினிய ஹெட் வளைந்தால் மிச்சப்படுத்தியதைப்போலப் பல மடங்கு போய்விடும். பட்டறைக்குப் போகும் வழியில் முள் ஏறினால் ஏர்கானை அணைத்து, பாதுகாப்பாக ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். விரைவுச்சாலையாக இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் இழுவை வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துப் போகும்.

வேலை முடிந்ததும் கூலன்ட் பாதையில் சிக்கிய காற்றை எடுத்தார்களா என்று கேளுங்கள். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் பலமுறை அமுக்கி, மட்டம் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். மறுநாள் காலை ஆறிய நிலையில் ரேடியேட்டர் வாய்வரை நிற்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். குறைந்திருந்தால் காற்று இன்னும் உள்ளே இருந்திருக்கிறது. நிரப்பிவிட்டு, அடுத்த நாளும் பாருங்கள்.