சின்ன கிளினிக்கைப் புயல் பருவத்துக்கு எப்படித் தயார் செய்வது? (ஹூஸ்டன்)

சுகர்லேண்ட்_வாசி:
வணக்கம். ஹூஸ்டன் பக்கம் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் நிர்வாகம் பார்க்கிறேன். ஒஹாயோவிலிருந்து வந்தவன், ஹரிகேன் என்னும் பெரும்புயல் எனக்குப் புதிது. பழைய கோப்பில், "கேட்டகரி 3 என்றால் மூடுவோம், அதற்குக் கீழே என்றால் திறப்போம்" என்று ஒரு பக்கத் திட்டம் இருக்கிறது. இது போதுமா?

பேயூ_கரை:
முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். 1 முதல் 5 வரை போகும் கேட்டகரி சொல்வது காற்றின் வேகத்தை மட்டும்தான். மழை எவ்வளவு, கடல் எவ்வளவு உள்ளே ஏறும் என்பதெல்லாம் அதில் வராது. 2008இல் ஐக் புயல் கரை ஏறியபோது கேட்டகரி 2தான். கால்வெஸ்டன் அருகே கடலோரப் பொலிவார் தீபகற்பத்தில் வீடுகளை வழித்துக்கொண்டு போனது. 2017இல் ஹார்வி புயல் கரை ஏறிய இடம் ராக்போர்ட் பக்கம், இங்கிருந்து வெகுதூரம். ஆனாலும் ஹூஸ்டன் மூழ்கியது. காரணம் காற்று இல்லை, நகராமல் நின்று கொட்டிய மழை. டெக்சஸிலேயே உள்ள நெடர்லாண்ட் என்ற ஊரில் மழை 60 அங்குலத்தைத் தாண்டியது.

2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது வெறும் கேட்டகரி 1. ஆனால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். ஜெனரேட்டர் வாடகைக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்தவர், "எல்லாம் மருத்துவமனைகளுக்குப் போயிடுச்சு சார்" என்று கையை விரித்துவிட்டார். ஒப்பந்தத்தில் எங்களுக்கு எத்தனையாவது இடம் என்று யாருமே கேட்டிருக்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

அதனால் கேட்டகரியை விட்டுவிட்டு இப்படி யோசியுங்கள்: ஒரு வாரம் கரண்ட் இல்லை, சாலை மூடிவிட்டது, தரையில் ஓர் அடி தண்ணீர். மூன்றுக்கும் தனித்தனியாக யார் என்ன செய்வது என்று எழுதுங்கள். நேரத்துக்கு ஹரிகேன் வாட்ச், வார்னிங் அறிவிப்புகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலத்த காற்று தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பு வாட்ச், 36 மணி நேரம் முன்பு வார்னிங். வாட்ச் வந்ததுமே அப்பாயின்ட்மென்ட்களை மாற்ற ஆரம்பித்துவிடலாம். இன்னொன்று, டிவியில் காட்டும் அந்தக் கூம்பு புயலின் மையம் போகக்கூடிய பாதை மட்டும்தான். கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை.

நர்ஸ்_அக்கா:
தடுப்பூசியை யாருமே சொல்லவில்லையே! ஃப்ரிட்ஜில் இருப்பவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்தாலும் பல ஊசிகள் வீண். அதனால் பதற்றத்தில் ட்ரை ஐஸ் (சாதாரண ஐஸைவிட மிகவும் குளிரான உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டுவிடாதீர்கள். ஊசிகளை அங்கே வைக்க இடம் தருவதாக, ஜெனரேட்டர் உள்ள ஒரு மருத்துவமனையிடம் இப்போதே பேசி எழுத்தில் வாங்கி வையுங்கள். வார்னிங் வந்தபிறகு கேட்டால் அவர்களிடமும் இடம் இருக்காது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், உள்ளே வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகரைப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
வெள்ளக் காப்பீடு இருக்கிறதா தம்பி? சாதாரண வணிகப் பாலிசியில் வெள்ளம் பொதுவாக வராது. அரசின் தேசிய வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். பருவம் ஜூன் 1இல் தொடக்கம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுகர்லேண்ட்_வாசி:
காப்பீட்டு முகவரை நாளைக்கே கூப்பிடுகிறேன். எங்கள் ஊழியர் ஒருவர் கடலோரத் தீவு நகரமான கால்வெஸ்டனிலிருந்து வருகிறார். அவருக்கு என்ன செய்வது?

பேயூ_கரை:
வாட்ச் வந்த அன்றே சம்பளத்தோடு அனுப்பிவிடுங்கள். 2005இல் ரீட்டா புயலுக்கு முன்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பி நெடுஞ்சாலையே அப்படியே நின்றுபோனது. போகுமுன் வெளியூர் உறவினர் ஒருவரின் போன் நம்பரையும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே டவர் போனாலும் அவர் மூலம் விசாரிக்கலாம்.