மறு: ‘நிகரக் கடன் தள்ளுபடி விகிதம்’ – தள்ளுபடி வேண்டாம், போக்கெழுத்து எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடன் அட்டை நிறுவனங்களின் நிதி நலத்தை மதிப்பிடும் கட்டுரைக்கான சொற்பட்டியலைப் படித்தேன். பெரும்பாலான சொற்கள் சரி. ‘நிதிநிலை’ என்பதை விட்டு ‘நிதி நலம்’ எடுத்தது நல்லது. நிதிநிலை என்றாலே பட்ஜெட் நினைவுக்கு வந்துவிடும். ‘நீர்மை’ (சொத்தை உடனே பணமாக்க முடிவது), ‘கடன் தீர்க்கும் திறன்’ இரண்டும் பாடநூல்களில் நிலைத்தவை, அவற்றைத் தொட வேண்டாம். ஆனால் நெட் ரைட்-ஆஃப் ரேட் (கொடுத்த கடனில் இனி வராது என்று ஏட்டிலிருந்து நீக்கியதன் நிகரப் பங்கு) என்பதற்கு ‘நிகரக் கடன் தள்ளுபடி விகிதம்’ என்று போட்டிருக்கிறது. அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

> பத்திரிகைகள் எல்லாம் தள்ளுபடி என்றுதான் எழுதுகின்றன. வாசகருக்குப் பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல் என்பதுதான் இங்கே சிக்கல். தள்ளுபடி என்றால் ‘இனி நீ கட்ட வேண்டாம்’ என்று பொருள். விவசாயக் கடன் தள்ளுபடி என்கிறபோது அந்தப் பொருள் பொருந்துகிறது. ரைட்-ஆஃப் அப்படி இல்லை. கடன் கொடுத்த நிறுவனம் தன் ஏட்டில் அந்தத் தொகையைச் சொத்தாகக் காட்டுவதை நிறுத்துகிறது, அவ்வளவுதான். வாங்கியவர் கட்ட வேண்டியது கட்ட வேண்டியதாகவே இருக்கிறது. அமெரிக்காவில் கடன் அட்டைப் பாக்கி 180 நாள் தவணை தாண்டினால் ஏட்டிலிருந்து நீக்கியாக வேண்டும் என்பது வங்கிக் கண்காணிப்பு அமைப்புகளின் விதி. நாள் எண்ணிக்கையைப் பார்த்துச் செய்கிற கணக்கு வேலையில் இரக்கத்துக்கு இடமே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், தன் பழைய அட்டைப் பாக்கி ‘தள்ளுபடி ஆகிவிட்டது’ என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தார். சில மாதம் கழித்து வசூல் முகவர் வட்டியோடு வந்து நின்றார். அவருக்கு யாரும் பொய் சொல்லவில்லை. சொல்தான் அவரை ஏமாற்றியது. நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சான்று அந்தச் சொற்றொடருக்குள்ளேயே இருக்கிறது. ‘நிகர’ என்ற அடைமொழி எங்கிருந்து வருகிறது? ஏட்டிலிருந்து நீக்கிய கடன்களில் ஒரு பகுதி பிறகு வசூலாகும். 100 கோடியை நீக்கி, முன்பு நீக்கியவற்றில் 20 கோடி வசூலானால் நிகரம் 80 கோடி. தள்ளுபடி செய்த கடனில் வசூல் எப்படி வரும்? ‘நிகரத் தள்ளுபடி’ என்கிற தொடர் தன்னைத்தானே மறுக்கிறது.

> அப்படியானால் ‘ஏட்டுநீக்கம்’ என்று புதிதாக ஆக்கலாமே?

ஆக்கலாம், புரியவும் செய்யும். ஆனால் நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ‘வாராக்கடன் ரூ.500 போக்கெழுதுக’ என்கிற மாதிரிக் கணக்குகள் நினைவிருக்கும். போக்கெழுதுதல், அதாவது போனதாக எழுதி வைத்தல். ‘எழுது’ என்கிற வினை உள்ளே இருப்பதால், இது ஏட்டில் நடக்கிற செயல் என்பது சொல்லிலேயே தெரிகிறது. யாரும் யாரையும் மன்னித்ததாகத் தொனிக்கவில்லை. இத்தனை மாணவர்கள் தேர்வில் எழுதிய சொல்லைத் தேர்வோடு விட்டுவிட்டோமே என்பது எனக்கு வருத்தம்தான்.

குறை ஒன்று உண்டு. ‘போக்கெழுதுதல்’ வினையாக நன்றாக ஓடுகிறது. விகிதம், தொகை என்று பெயரோடு சேர்க்கும்போது தடுக்குகிறது. அங்கேதான் நாம் கொஞ்சம் ஆக்க வேண்டியிருக்கிறது. என் பரிந்துரை ‘போக்கெழுத்து’. கையெழுத்து, தலையெழுத்து போன்ற அமைப்புதான். நிகரப் போக்கெழுத்து, போக்கெழுத்து விகிதம் என்றெல்லாம் தடையில்லாமல் வரும். முதல் தடவை கேட்பவர் ஏதோ எழுத்துருவின் பெயர் என்று நினைக்கக்கூடும். கட்டுரையில் முதலில் வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் அந்தக் குழப்பம் போய்விடும்.

> எங்கள் பக்கம் ‘பதிவழிப்பு’ என்போம். அதையும் கருதுங்கள்.

இலங்கை நண்பருக்கு நன்றி. கருதிப் பார்த்தேன். ‘அழிப்பு’ என்பதுதான் என்னைத் தயங்க வைக்கிறது. பதிவு அழிவதில்லை, கடன் வரலாற்றில் அது கறையாக நிற்கிறது. ஆனால் ரெக்கவரிக்கு நீங்கள் சொன்ன ‘அறவீடு’ அருமை. பட்டியலில் உள்ள ‘மீட்பு’ வெள்ளத்தையும் கடத்தலையும் நினைவூட்டுகிறது. ‘மீளறவீடு’ என்றால் பணம் திரும்ப வசூலாவது மட்டும்தான். ஆக, போக்கெழுத்தில் மீளறவீட்டைக் கழித்தால் நிகரப் போக்கெழுத்து. இரண்டு கரையின் சொல்லும் ஒரே சூத்திரத்தில் வருவது எனக்கு மகிழ்ச்சி.

அப்புறம் ‘ஒதுக்கு’. இதைப் போக்கெழுத்தோடு கலந்துவிடக் கூடாது. பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் இருப்பது ஆபத்து. ஒதுக்கு என்பது இனி வரக்கூடிய இழப்புக்கு முன்கூட்டியே எடுத்து வைப்பது. போக்கெழுத்தோ வந்துவிட்ட இழப்பு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 2020-இல் பெருந்தொற்றுக்குப் பயந்து சுமார் 470 கோடி டாலர் கடன் இழப்புச் செலவு காட்டியது. நிகர லாபம் 310 கோடி டாலராகச் சுருங்கியது. பயந்த அளவுக்கு இழப்பு வரவில்லை. 2021-இல் ஒதுக்கை விடுவித்ததால் அதே வரியில் செலவுக்குப் பதிலாகச் சுமார் 140 கோடி டாலர் வரவு வந்தது. லாபம் சுமார் 810 கோடி டாலராக உயர்ந்தது. அந்த 2021-இலும் போக்கெழுத்து நடந்துகொண்டுதான் இருந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், வாசகர் 2021-இல் யாருமே கடன் பாக்கி வைக்கவில்லை என்று புரிந்துகொள்வார். லாபத்தில் எவ்வளவு தொழிலில் வந்தது, எவ்வளவு ஒதுக்கைத் திறந்துவிட்டதில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீட்டின் உயிர்நாடி. சொல் அதற்கு உதவ வேண்டும்.

> விசாவுக்கும் இதே அட்டவணை போட வேண்டுமா?

வேண்டாம். விசா கடன் கொடுப்பதில்லை. அட்டையை வழங்குவதும் கடன் இழப்பைச் சுமப்பதும் வங்கிகள். மாஸ்டர்கார்டும் அப்படியே. அவர்களுக்கு நிகரப் போக்கெழுத்து விகிதம் என்று ஒரு வரி போட்டு எதிரில் சுழியம் எழுதினால் அது பாராட்டு போலத் தோன்றும், உண்மையில் பொருளே இல்லாத எண். 2024 நிதியாண்டில் விசாவின் நிகர வருவாய் 3,590 கோடி டாலர், நிகர லாபம் 1,970 கோடி டாலர். அங்கே பார்க்க வேண்டியவை வேறு: வங்கிகளைத் தக்கவைக்கக் கொடுக்கும் ஊக்கத்தொகை, எல்லை கடந்த பரிமாற்ற அளவு, வழக்குகளுக்காக ஒதுக்கிய பணம். ஊக்கத்தொகை செலவுப் பக்கம் வராது, மொத்த வருவாயிலேயே கழிந்துவிடும். அதனால்தான் அங்கே ‘நிகர வருவாய்’ என்கிறார்கள். ‘அட்டை நிறுவனம்’ என்று இரு வகையையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. விசா, மாஸ்டர்கார்டை ‘அட்டை வலையமைப்பு’ என்றும், தானே வழங்கித் தானே கடன் கொடுக்கும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸை ‘வழங்கும் வலையமைப்பு’ என்றும் பிரிக்கலாம். இரண்டாவது சற்று நீளம். இதைவிடக் குறுகிய சொல் கிடைத்தால் உடனே ஏற்றுக்கொள்வேன்.

பட்டியலின் மூன்றாம், நான்காம் வரிகளைத் திருத்தி இன்றிரவு பதிவேற்றுகிறேன். ஒதுக்கைக் குறைத்து லாபத்தில் சேர்ப்பதற்குத் தற்காலிகமாக ‘ஒதுக்கு விடுவிப்பு’ என்று போட்டிருக்கிறேன். விடுவிப்பு என்றதும் பணம் வெளியே போவது போலக் கேட்கிறது. இது உள்ளே திரும்புவது. ‘ஒதுக்குத் திருப்பம்’ சரியாக வருமா? பேரேடு எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.